பிரேக்கிலிருந்து எடுத்த கால்

1

டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கிற வருடம் வந்தால்தான், பம்பாய்க்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்ப்பேன். ஊர்ப் பெயர் மும்பை என்று மாறி எவ்வளவோ நாளாகியும் எங்கள் வாயில் இன்னும் பம்பாய்தான். வள்ளியூரில் ரயில் ஏறி முப்பது வருடம் முடிந்துவிட்டது. அதில் இருபத்தாறு வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று கல்யாண வீடுகளில் நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் எடுத்துச் சொல்லும்வரை காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

இந்த வருடத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் இப்போதெல்லாம் மழையைப் பற்றி விசாரிப்பதில்லை. "ஏலே செல்லத்துரை, நீ ஓட்டுத காரு தானாவே ஓடுமாமே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தானாக ஓடாது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. தானாக ஓடாது, ஆனால் தானாக நிற்கும். என் கஷ்டம் முழுக்க அந்த நிற்பதில்தான் இருக்கிறது.

2

நான் வேலை பார்க்கும் வீடு செம்பூரில். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, பிறகு செம்பூரில் பிளாட் வாங்கிக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பம். அவரை நான் சார் என்பேன். அவர் என்னைத் துரை என்பார், ஆனால் நீங்க போட்டுத்தான் பேசுவார். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுக் கார் என் கையில்தான் இருக்கிறது.

போன வருடம் பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கினார். முன்னால் போகிற வண்டி நின்றால் இதுவும் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். ரோட்டில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை என் கையோடு சேர்த்துத் திருப்பும். சிக்னலில் பிரேக்கை ஒரு முறை நன்றாக அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம். மேடோ பள்ளமோ, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்வரை வண்டி அசையாது. அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக எதிரே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும்.

கோயிலில் பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குருக்கள் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றார். அவர் விலகுவதற்குள் சார், "மெதுவா எடுங்கோ துரை" என்று சொல்லிவிட்டார். நான் எடுத்தேன். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது, பீப் பீப் என்று அலறியது, தானே பிரேக்கைப் போட்டு நின்றுவிட்டது. குருக்கள் குதித்த குதியில் கற்பூரம் அணைந்துபோயிற்று. நாலு எலுமிச்சையில் ஒன்றுகூட நசுங்கவில்லை. சாருக்கு ஒரே பெருமை. ஆளைப் பார்த்தால் இடிக்கவே இடிக்காது என்று கோயிலில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். குருக்கள் தள்ளிப் போன பிறகு இரண்டாம் தடவை எடுத்துத்தான் பழம் நசுங்கியது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது அதிகம் சிரித்தவன் என் மனைவியின் தம்பி இசக்கிமுத்து. குருக்கள் குதித்த மாதிரி எழுந்து நடித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டான்.

3

ஊரில், மலையடிவாரத்தில், கல் குவாரி லாரியில் கிளீனராகத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த லாரிக்கு ஹேண்ட் பிரேக் என்பது பார்வைக்கு வைத்திருந்த சாமான். ஏற்றத்தில் நின்றால் நான் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். போடும் நேரம் முழுக்க என் தலைக்கு மேலே எட்டு டன் கல் நிற்கும். அதைப் பிடித்திருப்பது டிரைவரின் வலது கால் ஒன்றுதான். கட்டை விழுந்த சத்தம் கேட்டு, நான் வெளியே வந்து கையைக் காட்டிய பிறகே அவர் காலை எடுப்பார். பின்னால் நானே டிரைவர் ஆனபோது எனக்கும் அதே பழக்கம் வந்தது. ஏற்றமோ இறக்கமோ, வண்டி நின்றவுடன் கை ஹேண்ட் பிரேக்குக்குத் தானே போய்விடும். அதை நான் யோசித்துச் செய்ததே இல்லை.

புதுக் கார் வந்த முதல் மாதம் காலை எடுக்கப் பயமாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தாலும் பாதம் பிரேக்கிலேயே கிடக்கும். சார் பின்னாலிருந்து சொன்னார்: "காலுக்கு ரெஸ்ட் குடுங்கோ துரை. அதுவே பாத்துக்கும். நீங்க சும்மா உக்காந்திருந்தா போறும்."

அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. முன்பு செம்பூரிலிருந்து சாரின் ஆபீஸ் இருக்கிற கோட்டை ஏரியாவுக்குப் போய்ச் சேர்ந்தால் வழியில் எந்த டாக்ஸிக்காரன் எங்கே குறுக்கே வந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். இப்போது சாரை ஆபீஸில் இறக்கிவிட்டு யோசித்தால் மேம்பாலச் சாலையில் வந்ததே ஞாபகம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது, எடுத்தால் அது திட்டும். ஆனால் ஓட்டியது நான்தானா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் தயங்குவேன். ஒரு நாள் முன்னால் எதுவுமே இல்லாத இடத்தில் எதையோ பார்த்துப் பயந்து தானே பிரேக் போட்டது. பின்னால் வந்த டாக்ஸிக்காரர் மயிரிழையில் தப்பி, பக்கத்தில் வந்து என் அம்மாவையும் சேர்த்து வைதுவிட்டுப் போனார். நான் போடவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் மொத்தத்தில் சொகுசுதான், பொய் சொல்லக் கூடாது. முழங்கால் வலி போய்விட்டது. மூன்று மாதத்தில் கால் தானாக விலகப் பழகியது. ஆறு மாதத்தில், அப்படி விலகுவதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

4

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு இசக்கியின் பழைய வேனை ஓட்டுவேன். தாராவியில் ஒரு சந்துக்குள் அவனுக்கு முறுக்குப் பட்டறை. வாரம் முழுக்க அவனும் அவன் மனைவி பேச்சியம்மாளும் சுடுவார்கள். ஞாயிறு அன்று டின்களை ஏற்றிக்கொண்டு நானும் அவனும் செம்பூர், முலுண்ட், கோபர்கைரனே என்று கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கிளம்புவோம். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான். அத்தான் இருக்கும்போது எனக்கெதுக்கு என்பான். அந்த வேனில் எந்த வித்தையும் கிடையாது. தானாக நடப்பது ஹாரன் ஒன்றுதான், அதுவும் மழைக்காலத்தில்.

அன்றைக்குச் செம்பூரில் ஒரு உயரமான கட்டடத்தில் கல்யாண ஆர்டர். சரக்கு வண்டி ஏறிப்போக ஒரு சரிவு, அதன் பாதியில் வாட்ச்மேன் கூண்டும் தடுப்புக் கம்பியும் இருந்தன. இந்த ஊரில் சொசைட்டி என்று சொல்கிற எந்த அடுக்குமாடி வளாகத்துக்குள் நுழைந்தாலும் ரெஜிஸ்டரில் பெயர், வண்டி நம்பர், எந்த வீடு, எத்தனை மணி என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பிரதம மந்திரி வந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று வாட்ச்மேன்களுக்கு ஒரு நினைப்பு. சார் காரில் போகும்போது தினமும் நடப்பதுதான். பிரேக்கை அழுத்துவேன், பச்சை விளக்கு எரியும், காலை எடுப்பேன். வாட்ச்மேன் ஜன்னல் வழியாக ரெஜிஸ்டரை நீட்டுவான். அதை ஸ்டியரிங்கில் சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுவேன். பத்து மாதம் இப்படியே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கும் வாட்ச்மேன் நீட்டினான். வேனை நியூட்ரலில் போட்டேன். பிரேக்கை நன்றாக அழுத்தினேன். ரெஜிஸ்டரை வாங்கினேன். காலை எடுத்தேன்.

பெயர் என்ற கட்டத்தில் பாதி எழுதியிருந்தேன். வாட்ச்மேன் முன்னால் நகர்வது போலத் தெரிந்தது. நகர்ந்தது அவன் இல்லை என்று புரிவதற்குள் கால் பிரேக்கைத் தேடிப் போய்ச் சேர்ந்தது, வண்டி நின்றது. மொத்தம் நாலு அடி இருக்கும். நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இசக்கி சரக்கைக் காட்டப் பின்கதவைத் திறப்பதற்காக இறங்கிப் போயிருந்தான். அவன் இடது கால் வண்டிக்கும் சரிவோரத் தூணுக்கும் நடுவில் இருந்தது.

அவன் கத்தவில்லை. "அத்தான், முன்ன எடுங்க" என்றான், டின்னை எடுத்து வைக்கச் சொல்கிற குரலில்.

ஏற்றத்தில், பின்னால் ஒருவனின் காலை வைத்துக்கொண்டு, ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் வண்டியை முன்னால் எடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்சை விட்டு, எடுத்தேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கமும் அப்போது வந்தது. அரை நிமிடம் முன்னால் வந்திருக்கலாம்.

5

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் மராத்தியில் எழுதிக்கொண்டே, பிரேக் பிடிக்கவில்லையா என்று ஹிந்தியில் கேட்டார்: "பிரேக் ஃபேல் ஹுவா க்யா?" ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த இசக்கி எனக்கு முந்திக்கொண்டு ஆமாம் என்றான். அவன் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்று நம்பினான். அத்தான் ஓட்டும்போது வேறு என்ன நடக்க முடியும்? வீட்டு ஆள், புகார் இல்லை, பழைய வண்டி என்று மூன்று வரியில் முடித்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். முப்பது வருடம் இங்கே இருந்தும் மராத்தி எனக்குக் கடைப் பெயர்ப் பலகை அளவுக்குத்தான் வாசிக்க வரும். பிரேக் என்ற சொல் இருந்தது தெரிந்தது. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் முழுதாகப் போட்டேன்.

இசக்கி படுக்கையிலிருந்தே ஆள் சொல்லி வேனை மெக்கானிக்கிடம் அனுப்பிப் பிரேக்கை மாற்றச் சொன்னான். மெக்கானிக் கழற்றிய பழைய சாமானை என் கையில் கொடுத்து, இதற்கு ஒரு குறையும் இல்லையே, இன்னும் ஒரு வருடம் ஓடுமே என்றார். அதை வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சார் நல்ல மனிதர், இரண்டு நாள் லீவு கொடுத்தார். இந்தப் பழைய வண்டிகளையெல்லாம் ரோட்டில் விடவே கூடாது, நம்ம கார் மாதிரி இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டார். ஆகியிருக்காது சார் என்றேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

என் மகள் அனிதா காலேஜில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் தலை வலிக்கிறது என்பாள். அவளும் டிரைவிங் கற்றுக்கொள்கிறாள், கிளட்ச் இல்லாத வண்டியில் மட்டும். புதுக் காரின் இங்கிலீஷ் புத்தகத்தை அவளிடம் கொடுத்து, இந்தப் பச்சை விளக்கைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, வேறு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். புரட்டிவிட்டு, "பப்பா, அந்த மாதிரி எதுவும் இல்ல. கடைசில ஒண்ணு போட்டிருக்கு, என்ன ஆனாலும் டிரைவர்தான் ஜிம்மேதார்னு" என்றாள். பொறுப்பு என்ற தமிழ்ச் சொல் அவளுக்குச் சட்டென்று வராது. அன்றைக்கு வராததே நல்லது என்று பட்டது.

நான் ஏன் கேட்டேன் என்று அவள் கேட்கவில்லை. பப்பாவுக்கு வயதாகிறது, மறதி வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு மஞ்சள் காகிதத்தில் ஹேண்ட் பிரேக் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள், வேனில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி. ஹிந்தி எழுத்தில் எழுதியிருந்தாள்.

6

லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலை அந்த வாரங்களில்தான் வந்தது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ஆர்.டி.ஓ.வுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறையில் டாக்டர் இருக்கிறார். வலிப்பு உண்டா, மாலைக்கண் உண்டா, கை கால் ஊனம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். இல்லை, இல்லை, இல்லை. சுவரில் இருக்கிற எழுத்தை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். டிக் போட்டுவிட்டார்.

உங்களிடம் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு ஃபெயிலாக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. யாராவது ஒருவர் என்னை ஒரு சரிவில் நிறுத்தி, காலை எடு பார்ப்போம் என்று சோதித்து, இந்த ஆளுக்கு இனி இரண்டு வகை வண்டி சரிப்படாது என்று எழுதிக் கொடுத்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டாக்டரிடம் வாயைத் திறந்தேன். கால் சில சமயம் தானாகப் பிரேக்கை விட்டு வந்துவிடுகிறது என்றேன், ஹிந்தியில். மரத்துப் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வலியா? இல்லை. அப்படியானால் ஒன்றுமில்லை, சர்க்கரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இருபது நாளில் லைசென்ஸ் தபாலில் வந்தது. போட்டோவில் நான் நல்ல டிரைவர் மாதிரிதான் இருக்கிறேன்.

7

ஆறு வாரம் கழித்து இசக்கிக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். சார் தன் காரையே எடுத்துப் போகச் சொன்னார். கட்டுப் பிரித்தாயிற்று, உள்ளே தகடு வைத்திருப்பதால் அடுப்பு முன்னால் நிற்க இன்னும் மாதக்கணக்காகும் என்றார்கள். அவனைப் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்து, ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வெளியே போகிற பாதை ஏற்றம். முன்னால் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றதால் நாங்களும் நின்றோம்.

இந்தக் காருக்குள் அவன் உட்கார்வது அன்றைக்குத்தான் முதல் தடவை. குருக்களைக் குதிக்க வைத்த வண்டி இதுதானா என்று கேட்டுச் சிரித்தான். ஆறு வாரமாகச் சொல்ல நினைத்து, ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வாங்கிக் கொடுத்துக் கழித்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

"மாப்ள, கீழ எங் காலப் பாரு" என்றேன்.

அவன் இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தான். பிரேக்கை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. காலை எடுத்து இந்தப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டேன். வண்டி ஏற்றத்தில் அசையாமல் நின்றது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, ரெஜிஸ்டர் பிடிக்கிற மாதிரி வைத்துக் காட்டினேன். அவன் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அப்போ அன்னைக்கு பிரேக் பெயிலாவல, அப்படித்தானத்தான்?"

"ஆவல மாப்ள. நாந்தான் கால எடுத்துட்டேன்."

தாராவிக்கு வண்டியை விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வைதிருந்தால் தேவலை என்று இருந்தது. சந்து முனையில் நிறுத்தியபோது பேச்சி ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் சொன்னான்: "பேச்சிட்ட மட்டும் சொல்லிராதிய. தெரிஞ்சா வேன்ல உங்க கூட வரமாட்டா. நமக்கு வேற ஆளு இல்லல்லா."

அவன் பெருந்தன்மையாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் குரலில் அது இல்லை. பட்டறை ஆறு வாரமாகப் பாதிதான் ஓடுகிறது, எடுத்துப் போக ஆள் இல்லாமல் கடைக்காரர்கள் கைவிடுகிறார்கள், அவனால் நிற்க முடியாது, பேச்சியால் ஓட்ட முடியாது. என்னை விட்டால் வழி இல்லை என்பதைத்தான் சொன்னான். ஊரில் இதைப் படிக்கிற சொந்தக்காரர்களும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். அவளுக்குப் படிக்க நேரம் கிடையாது.

8

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடி வேனை எடுத்திருக்கிறேன். இசக்கியின் இடத்தில் பேச்சி வருகிறாள். இசக்கி சந்திலிருக்கும் ஆசாரியிடம் சொல்லி, சக்கரத்துக்குப் போட ஒரு மரக்கட்டை செய்து, பிடிக்கக் கயிறும் கட்டிக் கொடுத்திருக்கிறான். ஏற்றத்தில் நின்றால் பேச்சி இறங்கிக் கட்டையைப் போட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. கட்டையைப் போட ஆள் பின்னால்தானே போக வேண்டும் என்று கேட்டேன். பக்கவாட்டில் நின்று போடட்டும் என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

முலுண்டில் ஒரு சொசைட்டி. அங்கேயும் சரிவு, அங்கேயும் வாட்ச்மேன், அங்கேயும் ரெஜிஸ்டர். சரிவின் இரண்டு பக்கமும் சுவர், பக்கவாட்டில் ஆள் ஒடுங்கி நடக்கலாம், குனிந்து உட்கார ஒரு பூனைக்குத்தான் இடம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அனிதா எழுதிக் கொடுத்த மஞ்சள் காகிதம் எதிரே ஒட்டியிருக்கிறது. இன்ஜினை அணைத்துக் கியரையும் போட்டேன். வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, போதாதென்று வலது முழங்கால் மேல் கையையும் ஊன்றிக்கொண்டேன். வாட்ச்மேன் ரெஜிஸ்டரை நீட்டிக்கொண்டே நின்றான். வாங்கவில்லை. முதலில் கட்டை, பிறகு எழுதுகிறேன் என்றேன்.

பேச்சி கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள். இந்த வேனில் கேமரா கிடையாது, கண்ணாடியில் அவள் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. பிறகு குனிந்தாள், அதுவும் தெரியவில்லை. கால் பிடித்துக்கொண்டிருக்கிறதா, விலகிக்கொண்டிருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லாமல் குனிந்து பார்த்தேன். பிரேக்கின் மேல்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன்.

கட்டை விழுந்த சத்தம் கேட்டது.

"வச்சாச்சுண்ணே" என்று பின்னாலிருந்து பேச்சி சொன்னாள். "இனி கால எடுங்க."

அவள் சுற்றி வந்து என் ஜன்னலுக்கு நேரே நின்றாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள். எடுங்கண்ணே என்று இன்னொரு தடவையும் சொன்னாள். நான் எடுக்கவில்லை.